தொழில்: கூலி

வடமாகாணத்தில் பிரதேச வைத்தியசாலைகளையும் கிளினிக்குகளையும் நடத்தும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையின் பதிவு மேசையில் இருபது வருடத்துக்கு மேல் நோயாளிகளுக்குத் துண்டு எழுதியவன் நான். ஓய்வு பெற்றுச் சில காலம் ஆகிறது. எந்த வைத்தியசாலை என்று சொல்லவில்லை. கீழே வரும் பிழைகளில் பாதி நான் விட்டவை, மீதியை விட்டவர்கள் என்னோடு ஒரே கேத்தில் தேத்தண்ணி குடித்தவர்கள். யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை.

ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தச் சொல் 'கூலி'.

காலை ஏழு மணிக்கே வரிசை வந்துவிடும். பெயர், வயது, விலாசம், தொழில். தொழில் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம் இருக்கும். "என்ன வேலை?" "கூலி." எழுதி, கிழித்து, கொடுத்து, அடுத்த ஆள். மேசனுக்குக் கல் தூக்குகிறவரும் கூலி. வள்ளத்தில் இருந்து மீன் இறக்குகிறவரும் கூலி. புத்தூரில் வெங்காயம் பிடுங்குகிறவர், நீர்வேலியில் வாழைக்குலை வெட்டி ஏற்றுகிறவர், கரவெட்டியில் வயலுக்கு மருந்தடிக்கிறவர், எல்லாரும் கூலி. பெண் என்றால் கேட்காமலே 'வீட்டுப்பணி' என்று எழுதிய நாட்களும் உண்டு. நகத்துக்குள் செம்மண் இருப்பதை என் கண் பார்க்கும், கை வீட்டுப்பணி என்று எழுதும்.

ஒரு பங்குனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறி, வேர்த்து ஊற்றியது. விடிந்ததில் இருந்து மூன்று தரம் சத்தி (வாந்தி), தலைச்சுற்று. "என்ன வேலை?" என்றேன். "கூலிங்க ஐயா" என்றார். அந்த 'ங்க'விலேயே ஆள் இந்தப் பக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விலாசம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலை செய்கிற தோட்டக்காரரின் பெயரையும் அவருடைய ஒழுங்கையையும் சொன்னார். அப்படியே எழுதினேன். டாக்டர் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து எழுதினார். நாலு நாள் கழித்து அதே ஆள், அதே சத்தி, அதே மருந்து. மூன்றாம் முறை, ஊசி போடக் கையைப் பிடித்த தாதி, எங்கள் மிஸிதான் கேட்டார்: "இதென்ன, கையெல்லாம் கறுப்பாப் பிசுபிசுக்குது?" விரல் நுனியில் இருந்து முழங்கை வரை பிசின். சவுக்காரம் போட்டாலும் லேசில் போகாத கறை. விடியற்காலையில், பனி காயமுன் புகையிலை வெட்டி, மார்போடு அணைத்துத் தூக்கிப் போகிற வேலை அவருக்கு.

பச்சைப் புகையிலையைத் தொடுகிறவர்களுக்கு இப்படி ஒரு நோய் உண்டு. பனியில் நனைந்த இலையில் நிக்கொட்டின் கரைந்து நிற்கும், தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சத்தி, தலையிடி, தலைச்சுற்று, வேர்வை. ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கும், திரும்ப ஈர இலையைத் தூக்கினால் திரும்ப வரும். இலையில் பனி காய்ந்த பிறகு வெட்டினால், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டால், பெரும்பாலும் தவிர்க்கலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் டாக்டர் கையில் கிடைத்த துண்டில் 'கூலி' மட்டும்தான் இருந்தது. புகையிலை என்று அதில் இருந்திருந்தால் முதல் நாளே யோசித்திருப்பார். டாக்டரில் பிழை சொல்ல முடியாது. எழுதியவன் நான்.

அவர் தருமபுரத்தில் இருந்து வந்தவர் என்பது பிறகு மிஸி சொல்லித் தெரிந்தது. புருஷனோடும் பிள்ளைகளோடும் வந்து, புகையிலை காயவைக்கிற கொட்டிலின் ஒரு பக்கத்தில் இரண்டு மாதம் தங்கியிருக்கிறார். அவருக்குச் சளிப் பரிசோதனை ஒன்று செய்து, மறுமொழி வந்ததும் நாங்கள் அனுப்பிய கடிதம் தோட்டக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அதற்குள் வெட்டு முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். கடிதம் திரும்பி வந்தது. இன்றைக்கும் அந்த மறுமொழி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

யார் இவர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொந்தக் காணி இல்லாத மற்றவர்களும் இருக்கிறார்கள். வெங்காயத்துக்கு வலிகாமம், புகையிலைக்கு ஒரு பக்கம், நெல்லுக்கு வன்னி என்று ஆட்கள் பயிரின் பின்னால் போகிறார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தவர்களும் வயல் வெட்டுக்கு வன்னிக்குப் போய்க் கிடந்தவர்கள்தான். வெட்டு மிசின் வந்தபின் அது குறைந்துவிட்டது. அதனாலோ என்னவோ, வந்து தங்கி வேலை செய்கிறவனைப் பார்த்தால் இப்போது எங்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது.

சரி, ஒரு சத்திக்காக ஒரு மடலா என்று கேட்கலாம். 2024 மார்கழியை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கம் காய்ச்சல். ஏழு பேர் வரை இறந்ததாகச் செய்தி வந்தபோது எல்லாரும் பதறினோம். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவு போதும் அந்தக் கிருமிக்கு. வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்ளின் குளிசை கொடுத்தார்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் இப்படியான நேரத்தில் எங்கள் பக்கத்தில் குளிசைக்கு ஆள் சேர்த்த விதம் எனக்குத் தெரியும். கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் பட்டியலை எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் காணிக்காரர் இருப்பார். சேற்றில் இறங்குகிற ஆள் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எலிக்காய்ச்சல், சேற்றில் நின்ற அன்றே வருவதில்லை. பெரும்பாலும் ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து வரும், சிலருக்கு ஒரு மாதம் வரை போகும். கரவெட்டியில் நாலு நாள் களை பிடுங்கிய ஒருவர் ஊருக்குப் போய், முல்லைத்தீவில் காய்ச்சலில் படுக்கிறார் என்று வையுங்கள். அங்கே வைத்தியசாலையில், தொற்றுநோயை அறிவிக்கிற 544 படிவம் நிரப்புவார்கள். அது நோயாளியின் விலாசத்துக்கு உரிய சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அந்த வீட்டுக்குப் போவார், வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், அறிக்கை எழுதுவார். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. கரவெட்டி வயலுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. அடுத்த நாள் அதே வயலில் வேறு நாலு பேர் இறங்குகிறார்கள். விபரமாகக் கேட்டால் அந்த நோயாளியே சொல்லியிருப்பார், "சேர், நான் போன கிழமை கரவெட்டியில நிண்டனான்" என்று. கேட்கிற கட்டம் நிரம்பிவிட்டதால் ஒருவரும் கேட்கவில்லை. கட்டத்தில் ஏற்கெனவே 'கூலி' இருக்கிறது.

கர்ப்பிணிகளின் கதையும் இதுதான். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு அந்தந்தப் பிரிவில் குடியிருப்பவர்களுக்கு. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் இரண்டு மாதம் இங்கே வந்து தங்கினால், அங்கே உள்ள உத்தியோகத்தர் "ஆள் ஊரில் இல்லை" என்று எழுதுவார், இங்கே உள்ளவருக்கு அப்படி ஒருவர் வந்திருப்பதே தெரியாது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதால், அங்கிருந்து வருகிறவர்களுக்குச் சிறுநீரகத்தையும் ஒருக்கால் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் பெறாமகள் ஒருத்தி கலிபோர்னியாவில், பிரெஸ்னோ பக்கம் ஒரு சமூக சுகாதார நிலையத்தில் முன்மேசையில் இருக்கிறாள். நான் செய்த அதே வேலை, குளிரூட்டி மட்டும் கூடுதல். போனில் ஒரு நாள் இதைச் சொன்னபோது சிரித்தாள். "பெரியப்பா, எங்களுக்கும் இதுதான் தலையிடி" என்றாள்.

அங்கே 1962இல் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட ஒரு சட்டத்தில் இருந்து, பயிரின் பின்னால் ஊர் ஊராகப் போகிற தொழிலாளிகளுக்கான சிகிச்சைக்கு மத்திய அரசு பணம் கொடுக்கிறது. பணம் வாங்குகிற நிலையம் ஒவ்வொரு வருடமும் எத்தனை விவசாயத் தொழிலாளிகளைப் பார்த்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே யார் விவசாயத் தொழிலாளி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடந்த 24 மாதத்துக்குள் பருவகால விவசாய வேலைதான் முதன்மையான தொழிலாக இருந்திருக்க வேண்டும். அந்த வேலைக்காக வீட்டைவிட்டு வந்து தற்காலிகமாகத் தங்கினால் ஒரு வகை, தங்காமல் செய்தால் இன்னொரு வகை. வீட்டு ஆட்களும் கணக்கில் சேர்வார்கள். முதல் வகையில் இருந்து, வயது போய், அல்லது உடம்பு ஏலாமல், வேலையை விட்டவர்களும் சேர்வார்கள். இந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்தது. முப்பது வருடம் மருந்தடித்துவிட்டு மூச்சு முட்டிக்கொண்டு வருகிற கிழவரை நாங்கள் 'தொழில்: இல்லை' என்றுதான் எழுதினோம்.

இவ்வளவு தெளிவாக வைத்துக்கொண்டும் அங்கே ஆட்கள் தவறிப்போகிறார்கள் என்கிறாள் பெறாமகள். அவள் இருக்கிற இடத்தில் முதலில் இருந்த படிவம், "நீங்கள் இடம்பெயரும் விவசாயத் தொழிலாளியா?" என்ற மாதிரிக் கேட்டதாம். பலரும் இல்லை என்று போட்டார்கள். குடிவரவுத் தாள் கேட்கப்போகிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், யாரும் தன்னை அப்படி நினைப்பதில்லை. நான் திராட்சை வெட்டுகிறேன், நான் மாடு கறக்கிறேன் என்றுதான் ஒரு மனுஷன் நினைக்கிறான். பிறகு கேள்வியை மாற்றி, "இந்த இரண்டு வருடத்தில் நீங்களோ வீட்டில் யாருமோ தோட்டத்தில், பண்ணையில், பழம் பொதி செய்யும் இடத்தில் வேலை செய்தீர்களா?" என்று கேட்கத் தொடங்கியபோது 'ஆம்' கூடியதாம். ஒரு ஆள் விடுமுறையில் நின்றால் திரும்பக் குறையுமாம். மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு ஏறி இறங்குகிறது.

எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம். அங்கே பணத்துக்காக எண்ண வேண்டியிருக்கிறது. இங்கே வைத்தியம் இலவசம், வருகிறவர் யாராக இருந்தாலும் மருந்து கொடுப்போம். அது எங்கள் பெருமை, நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் யாரென்று கேட்காமலே மருந்து கொடுக்கலாம் என்பதால்தான் யாரென்று தெரிந்துகொள்ளும் பழக்கம் எங்களுக்கு வரவில்லை.

அவர்களின் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'இடம்பெயர்ந்த தொழிலாளி' என்று ஒரு கட்டம் போட்டீர்களென்றால் காரியம் அத்தோடு முடிந்தது. இந்த மண்ணில் இடம்பெயர்வு என்றால் 1995 ஐப்பசியில் ஒரே இரவில் வலிகாமம் செம்மணிப் பாதையால் நடந்தது. 2009இல் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றது. 'பதிவு' என்ற சொல்லும் அப்படித்தான். எத்தனை பதிவு, எத்தனை தரம், எந்த எந்தச் சீருடைக்காரர் கேட்டு! வன்னியில் இருந்து வருகிற ஒருவரிடம் "இடம்பெயர்ந்து வந்தீர்களா, பதிவு செய்யுங்கள்" என்றால், அவர் காய்ச்சலைக்கூட மறைத்துவிடுவார்.

அப்புறம், "எந்த ஊர்?" யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று எங்களில் யாருக்குத் தெரியாது? ஊரும் தொழிலும் இரண்டும் கேட்டால் சாதியைக் கேட்டதாக முடியும். கூலிக்காரர்களில் பலர் அந்தக் கேள்விக்குப் பயந்து சின்ன வயதில் இருந்தே பொய் சொல்லப் பழகியவர்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவர் காதில் விழும்படி நான் எத்தனை பேரிடம் இதை உரத்துக் கேட்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

'தோட்டத் தொழிலாளி' என்றும் போடமுடியாது. எங்களுக்குத் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும். நாட்டின் மற்றப் பக்கத்துக்கு அது தேயிலை. ஒருமுறை எங்கள் துண்டோடு வேறு மாகாணத்து வைத்தியசாலைக்குப் போன ஒரு புத்தூர்க்காரரிடம், எந்த எஸ்டேட், எந்தத் துரை என்று விசாரித்திருக்கிறார்கள். மனுஷன் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வன்னியில் இருந்து வருகிற மலையக வழி ஆட்களுக்கு அது சிரிப்பில்லை. தோட்டம் என்ற சொல்லை வைத்து அவர்களை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு கேள்விகள். எல்லா மேசையிலும் ஒரே சொற்களில், சின்ன ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரி வித்தியாசம் இல்லாமல்.

"இந்த இரண்டு வருடத்துக்குள்ள நீங்களோ வீட்டில ஆருமோ தோட்டத்தில, வயலில, மாட்டுப் பட்டியில கூலிக்கு வேலை செய்தனீங்களோ?"

"அந்த வேலைக்காக வீட்டை விட்டிட்டு வேற இடத்தில தங்கினனீங்களோ?"

இவ்வளவுதான். காய்ச்சல், சத்தி, தலைச்சுற்று என்று வந்தவரிடம் மட்டும் டாக்டரோ மிஸியோ, கடைசியாக என்ன பயிர், எந்த இடம் என்று மேலதிகமாகக் கேட்கட்டும். அது மேசையில் கேட்கிற கேள்வி இல்லை.

விடையை எழுதுகிற இடம் முக்கியம். மேசைப் பேரேட்டில் எழுதினால் அது மேசையோடு கிடக்கும், ஆள் போய்விடுவார். கிளினிக் கொப்பியின் முதல் தாளின் உட்பக்கத்தில் எழுதுங்கள். வெளி மட்டையில் வேண்டாம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கத் தேவையில்லை. கொப்பி ஆளோடு போகும். தருமபுரத்திலும் கோப்பாயிலும் அதே தாள். கணினிப் பதிவு வந்த இடங்களில் நோயாளிக்கு ஒரு இலக்கம் கொடுக்கிறீர்கள், அந்த இலக்கத்தோடு இதையும் சேர்த்துவிடலாம். வீட்டு விலாசம் ஒன்று, இப்போது தங்கியிருக்கிற இடம் ஒன்று என்று இரண்டு வரி விடுங்கள். அந்தப் பெண்ணிடம் நான் இரண்டாவது வரியை மட்டும் கேட்டேன்.

இன்னொன்று, இதை நான் அனுபவத்தில் படித்தது. வெறுமையாக விட்ட கட்டமும் 'இல்லை' என்று போட்ட கட்டமும் வருடக் கடைசியில் ஒன்றாகிவிடும். கூட்டுகிறவருக்கு எல்லாம் பூச்சியம். அதனால் 'ஆம்', 'இல்லை', 'கேட்கவில்லை' என்று மூன்று குறி வேண்டும். கேட்கவில்லை என்று எழுத வெட்கப்பட்டாவது ஆட்கள் கேட்பார்கள். நான் கேட்டிருப்பேன்.

போன வருடம் இல்லை என்றவர் இந்த வருடம் களைக்கு இறங்கியிருக்கலாம். மேசன் வேலை படுத்தால் ஆட்கள் தோட்டத்துக்குத்தான் வருவார்கள், 2022 பொருளாதார நெருக்கடியில் கண்ணால் பார்த்தோம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பக் கேட்க வேண்டும்.

மேசையில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "ஐயா, எண்பது பேர் நிக்கினம், இதுக்கெங்க நேரம்?" இரண்டு கேள்விக்கு அரை நிமிடம். முதல்முறை வருகிறவரிடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும்தானே, தினமும் வருகிறவரிடம் கேட்கத் தேவையில்லை. அந்தப் புகையிலைப் பெண் மூன்று தரம் வந்து மூன்று தரமும் வரிசையில் நின்றார், மூன்று தரமும் நான் துண்டு எழுதினேன். அதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பயமும் நியாயமானது. இந்தத் தகவல் தோட்டக்காரரிடம் போகக்கூடாது. உன் தோட்டத்தில் வேலை செய்தவனுக்குச் சத்தி என்று ஒருவர் போய்ச் சொன்னால், அடுத்த போகத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு வேலை இல்லை. கிராம சேவகரிடமும் போகத் தேவையில்லை, பொலிஸிடம் போகவே கூடாது. கேட்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்: "இது உங்கட வைத்தியத்துக்கு மட்டும்தான், வேற ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம்." சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. ஒரு றப்பர் முத்திரை. நாலு வரி: தோட்ட / வயல் கூலி, ஆம் – இல்லை – கேட்கவில்லை. தங்கி வேலை, ஆம் – இல்லை – கேட்கவில்லை. வீடு. இப்போது தங்குமிடம். கீழே திகதி. கிளினிக் கொப்பியில் ஒரு குத்து, பேனையால் இரண்டு வட்டம், விலாசம் இரண்டு. யாழ்ப்பாணப் பட்டினத்தில் முத்திரை வெட்டுகிற கடைக்காரரிடம் விசாரித்துவிட்டேன், நாலு வரியும் பிடிக்குமாம். புகையிலைக் கன்று நட்டாயிற்று, பங்குனியில் வெட்டுத் தொடங்கும். எந்த வைத்தியசாலை இதைப் பரீட்சித்துப் பார்க்க முன்வருகிறதோ அதற்கு முதல் முத்திரையை என் செலவில் செய்து தருகிறேன். மேசையில் புதிதாக இருக்கிற பிள்ளைகளோடு ஒரு கிழமை வந்து இருக்கவும் தயார். ஏழு மணிக்கு முன்னமே வந்துவிடுவேன், பழக்கம் விடவில்லை.

இப்படிக்கு,
பதிவு மேசையில் இருந்த ஒருவன்,
யாழ்ப்பாணம்